ஹைஸ்கூல் முதல் வருட இங்கிலீஷ் வகுப்பு: எல்லைப் பக்கத்து அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் எங்கள் ஊர். எட்டாவது வரை தமிழ் மீடியம். 2012 ஜூனில் அப்பா என்னைப் பாலக்காட்டில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்பதாவது சேர்த்துவிட்டார். இங்கிலீஷ் பாடத்தை டீச்சர் மலையாளத்தில் விளக்குவார். சிரிப்பு வரும் இடத்தில் வகுப்பே சிரிக்கும், நான் அரை நொடி கழித்துச் சிரிப்பேன்.

புத்தகத்தில் அப்துல் கலாமின் ராமேஸ்வரத்துச் சிறுவயதுக் கதை இருந்தது. ஊர்ப்பெயரைப் பார்த்ததுமே தைரியம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே வந்தது ‘விண்ட்’ என்ற கவிதை. எழுதியவர் சுப்பிரமணிய பாரதி, தமிழிலிருந்து இங்கிலீஷுக்குக் கொண்டுபோனவர் ஏ.கே. ராமானுஜன். ஜன்னலை உடைக்காதே, காகிதத்தை வாரி இறைக்காதே என்று காற்றிடம் கெஞ்சும் கவிதை. எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே, காற்று புகுந்து வரும் வழி. ஆடி பிறந்தால் தென்னை ஓலை எந்தத் தோப்பிலிருந்து எந்தத் தோப்புக்கு வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. வகுப்பில் ஜியாமெட்ரி பாக்ஸை வைத்துத்தான் நோட்டைத் திறப்போம். அந்தக் கவிதைக்கு எனக்கு நோட்ஸே தேவைப்படவில்லை.

டீச்சர் ‘பர்சானிபிகேஷன்’, ‘சிம்பல்’ என்று போர்டில் எழுதினார். காற்றை ஆளைப் போலப் பேசுவது முதலாவது, காற்று கஷ்டத்தைக் குறிப்பது இரண்டாவது. பலவீனமான தீயைக் காற்று அணைத்துவிடும், வலுவான தீயை வளர்த்துவிடும் என்று முடிவில் வரும். அது பரீட்சைக்குக் கட்டாயம் வரும் என்று கோடு போடச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, “நீ தமிழல்லே, ஒரிஜினல் அறியுமோ?” என்றார்.

தெரியாது. எட்டு வருடம் தமிழில் படித்தவன், பாரதி என்றால் நாலைந்து பாட்டுதான் தெரியும். ஆனால் நாற்பது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். எழுந்து நின்று, இங்கிலீஷைப் பார்த்துக்கொண்டே “மெல்ல மெல்ல வீசு காற்றே, மேன்மையோடு பேசு காற்றே” என்று ஆரம்பித்து, எதுகை மோனையோடு எட்டு வரி கட்டிவிட்டேன். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. மெதுவாகச் சொல் என்று சொல்லி, மலையாள எழுத்தில் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

கல்லூரியில்தான் மூலத்தைப் படித்தேன். அது வசன கவிதை, உரைநடையிலேயே எழுதியது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போல “மெதுவாக வா” என்கிறார். எதுகையும் இல்லை, மேன்மையும் இல்லை.

நகரியிலிருந்து

உங்களுக்கு ஒன்பதாவது. ஆந்திராவில் ஆறாவதிலேயே ஹைஸ்கூல். ஐந்தாவது வரை தமிழில் படித்துவிட்டுப் போன நான் இங்கிலீஷ் வார்த்தைக்கு மேலே அதன் உச்சரிப்பைப் பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்வேன். தட்டுவதும் ‘பேட்’, கிரிக்கெட் மட்டையும் ‘பேட்’, எழுதும் அட்டையும் ‘பேட்’, கெட்டதும் ‘பேட்’. டிக்டேஷனில் நாலுக்கு மூன்று தப்பு. பக்கத்தில் இருந்த தெலுங்குப் பையனுக்கு அவன் எழுத்திலேயே நாலும் வேறு வேறாக இருந்தன. அவனிடம் தெலுங்கு எழுத்தைக் கற்றுக்கொண்டு, அதைத்தான் இங்கிலீஷுக்கு மேலே எழுத ஆரம்பித்தேன். வீட்டில் அம்மா தறிச் சத்தத்துக்கு நடுவே புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “இங்கிலீஷ் படிக்கப் போனியா, தெலுங்கு படிக்கப் போனியா?” என்றார்.

பின்னால் ரிப்போர்ட்டட் ஸ்பீச், அதாவது ஒருவர் சொன்னதை நாம் எடுத்துச் சொல்வது, வந்தபோது மட்டும் இரண்டு பேரும் ஒரே படகு. அவனுக்கு ‘அனி’, எனக்கு ‘என்று’. “வருகிறேன் என்றான்” என்றால் வருகிறேன் அப்படியே இருக்கும். இங்கிலீஷில் மட்டும் ‘ஈஸ்’ போய் ‘வாஸ்’ ஆகிவிடுகிறது. சார், அவன் இன்னும் வந்துகொண்டுதானே இருக்கிறான் என்று கேட்டு வெளியே நின்றிருக்கிறேன்.

தேவிகுளம் பக்கத்திலிருந்து

எங்களுக்கு எட்டாவதில் ஹைஸ்கூல், கேரள மாநிலப் பாடத்திட்டம். டைரி, நோட்டீஸ், கான்வர்சேஷன் என்று எழுதச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கதையில் வருகிறவன் அன்று ராத்திரி எழுதிய டைரியை எழுது என்றார்கள். லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில், நான் பார்த்த ஒரே டைரி பால்காரர் கணக்கு. தேதி போட்டு, அவன் எத்தனை மணிக்கு எழுந்தான், என்ன சாப்பிட்டான், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதினேன். பத்துக்கு இரண்டு. தேதிக்கு ஒன்று, கையெழுத்துக்கு ஒன்று என்று நினைக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரரே, டீச்சரிடம் உண்மையைச் சொன்னீர்களா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

இல்லை. இரண்டு வருடம் கழித்து என் தங்கை அதே வகுப்புக்குப் போனாள். ‘விண்ட்’ பாடத்தன்று வீட்டுக்கு வந்து, “அண்ணா, டீச்சர் பாரதியோட தமிழ்ப் பாட்டைப் பாடிக் காட்டினாங்க, நல்லா இருந்துச்சு” என்றாள். மெட்டு வேறு போட்டிருக்கிறார்.