மறுமொழி: ‘அலர்ட்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். இணையப் பக்கம் ஒன்று மாறினால் நமக்குத் தானே தகவல் அனுப்பும் ‘அலர்ட்’ கருவிக்கு, குழுவில் ஐயா முன்வைத்த தமிழ்த் தொடர் இது:

> இணையத் தகவல் கண்காணிப்பு மற்றும் தானியங்கி அறிவிப்பு முறைமை

ஐயா, தங்கள் தொடர் பொருளை முழுமையாகச் சொல்கிறது. ஆனால் அது வரையறை, சொல் அன்று. கைப்பேசித் திரையின் சிறு பொத்தானில் அதை எப்படி எழுதுவது?

தங்கள் தொடரில் என்னை உறுத்துவது ‘கண்காணிப்பு’. கண்காணி பழைய சொல். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. ஆனால் அதன் திரிபான ‘கங்காணி’ இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் ஆள் பிடித்து வந்து வேலை வாங்கியவரின் பெயர். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இக்குழுவில் இருக்கிறார்கள். இன்றைய பேச்சிலும் கண்காணிப்பு என்றால் கேமராவும் காவல்துறையும்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கோ, பயனர் தாமே விரும்பி ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். அந்த உறவுக்கு இச்சொல் பொருந்தவில்லை.

‘விழிப்பூட்டல்’ சில செயலிகளில் ஏற்கெனவே புழங்குகிறது என்று குழுவில் ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். உண்மைதான். ஆயினும் அதில் ஆபத்தின் சாயல் இருக்கிறது. புயல், வெள்ளம் போன்றவற்றுக்கு அது தகும். தேர்வு முடிவு வெளியானதைச் சொல்லும் மடலுக்கு அது எதற்கு?

கருவி செய்வதைப் பார்ப்போம். ஒரு பக்கத்தின் முந்தைய நிலையை நினைவில் வைத்துக்கொண்டு, குறித்த இடைவெளியில் மீண்டும் போய்க் கேட்கிறது. மாற்றம் இல்லையென்றால், அப்பக்கத்தை வைத்திருக்கும் வழங்கி (சர்வர்), ‘மாறவில்லை’ என்று பொருள்படும் 304 என்ற எண்ணை மட்டும் திருப்பி அனுப்பலாம். பக்கம் முழுவதையும் இறக்க வேண்டியதில்லை. மாறியிருந்தால்தான் நமக்குச் செய்தி வரும். 2003 முதல் இருக்கும் கூகுள் அலர்ட்ஸ், தேடலில் புதிதாகத் தோன்றுவதைச் சொல்கிறது. விக்கிப்பீடியாவின் கவனிப்புப் பட்டியல், நாம் குறித்துவைத்த பக்கங்களின் திருத்தங்களைக் காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் பொது ‘மாற்றம்’தான். தங்கள் தொடரில் இல்லாத சொல்லும் அதுவே.

ஆகவே நான் முன்வைப்பது: மாற்றமறிவி.

உலாவி, செயலி, கணினி போல இகரத்தில் முடிவதால் கருவிப் பெயராக உடனே புரியும். ‘அறிவி’ ஏவலாகவும் நிற்கும் என்ற மறுப்பு வரலாம். உலாவி என்பதும் வினையெச்சம்தான். அதனால் யாரும் குழம்பவில்லை. பொத்தானில் ‘மாற்றம் அறிவி’ என்று பிரித்து எழுதினால் அந்த ஏவல் நமக்கு உதவவே செய்யும். அது அனுப்பும் செய்தியை ‘மாற்ற அறிவிப்பு’ எனலாம்.

இன்னொரு வேறுபாட்டுக்கும் சொல் வேண்டும். ஒரு தளத்தின் புதிய பதிவுகளைப் பட்டியலிட்டுத் தரும், 1999இல் வந்த ஆர்எஸ்எஸ் (RSS) செய்தியோடையை நம் மென்பொருள்தான் போய்ப் போய்ப் பார்க்க வேண்டும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி (W3C) அமைப்பு 2018இல் பரிந்துரையாக்கிய வெப்சப் (WebSub) முறையில், புதியது வந்ததும் இடைநிலை வழங்கியே தேடி வந்து தருகிறது. முன்னதைக் ‘கேட்டறிதல்’ என்றும் பின்னதை ‘உடனறிவிப்பு’ என்றும் சொல்லலாம். ‘புஷ் நோட்டிபிகேஷன்’ என்பதைத் ‘தள்ளு அறிவிப்பு’ என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போது கதவில் ஒட்டிய பலகைதான் தெரிகிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுவோம்.

‘மாற்றமறிவிகள்’ என்ற பன்மை நாவில் சற்றுக் கனக்கிறது என்பது எனக்கே தோன்றும் குறை. அதைவிடச் சுருக்கமாக, மாற்றம் என்ற பொருளை இழக்காத சொல் யாரிடமாவது இருந்தால், ஒரு வாக்கியத்தில் வைத்து எழுதிக் காட்டுங்கள். மலையக, மலேசிய நண்பர்கள் ‘கண்காணிப்பு’ பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

அன்புடன்.