மயக்க மருந்து ஆட்டோமேஷன்: அனஸ்தீசியா டாக்டர்ஸ் யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம், ஆபரேஷன் நடக்கும்போது ப்ரொப்போஃபால்ங்கிற மயக்க மருந்தோட அளவை கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு சிமுலேஷன் பண்ணிட்டு இருக்கேன், பிஸ் நம்பர் (மூளை அலைகளை வச்சு மயக்கம் எவ்வளவு ஆழம்னு காட்டுற அளவு) 40லருந்து 60க்குள்ள நிக்கணும், அதான் டார்கெட். ஷ்னைடர் மாடல் (மருந்து உடம்புல எப்படி பரவுதுன்னு கணக்கு போடுறது), பிஐடி கன்ட்ரோலர் (டார்கெட்லருந்து எவ்வளவு விலகியிருக்குன்னு பாத்து டோஸை மாத்துறது) வச்சிருக்கேன். சிக்கல் என்னன்னா பிஸ் நம்பர் லேட்டாதான் மாறுது, அதுக்குள்ள கன்ட்ரோலர் மருந்தை அள்ளி விட்டுடுது, நிஜ பேஷன்ட்டா இருந்தா பிரஷர் இறங்கிடுமேன்னு ரொம்ப கவலையா இருக்கு. காட்டரி (ரத்தம் வராம கரண்ட்டால சுடுற கருவி) போடும்போது சிக்னலே கெட்டுப்போகும்ல, அந்த நேரத்துல மெஷின் பழைய ரேட்லயே ஓடணுமா இல்ல அலாரம் அடிச்சு டாக்டர் கையில விட்டுடணுமா? டாக்டர் பக்கத்துல இல்லாம இத ஓட்டவே கூடாதுங்கிறதுதான் என் எண்ணமும். 2008ல மெக்கில் யுனிவர்சிட்டியில பண்ண மெக்ஸ்லீப்பி (மயக்க மருந்தைத் தானா கொடுக்கிற சிஸ்டம்) பத்தி படிச்சிருக்கேன். தியேட்டர்ல நீங்க எதெல்லாம் பாத்து டோஸ் மாத்துவீங்க, பிஸ்ஸை எப்ப நம்ப மாட்டீங்க, அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க ப்ளீஸ்.