சனி வீட்டுத் தண்ணீர்

பெரியப்பா: *செவ்வாய் கிரகத்தில் ஆறு ஓடுகிறது!! கரையில் ஆள் நடமாட்டம்!! உடனே 10 பேருக்கு அனுப்பவும்* 🙏🙏

சுமதி அத்தை: நம் தெருக் குழாயில் தண்ணீர் வந்து நாலு நாளாகிறது. அங்கே ஆறா?

நந்தினி: பெரியப்பா, ஆறு ஓடியது உண்மைதான். ஆனால் 300 கோடி வருஷத்துக்கும் முன்னால். இப்போது அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, தண்ணீர் நிற்காது. 2008ல் ஃபீனிக்ஸ் விண்கலம் மண்ணைத் தோண்டியபோது குழிக்குள் வெள்ளையாகச் சில கட்டிகள் தெரிந்தன. நாலு நாள் கழித்துப் பார்த்தால் காணோம். அத்தனையும் பனிக்கட்டி. உருகாமலே ஆவியாகிவிட்டது.

சுமதி அத்தை: பீரோவில் போடுகிற அந்துருண்டை மாதிரியா?

நந்தினி: அதேதான் அத்தை 👏

பெரியப்பா: படத்தில் ஆள் தெரிகிறதே?

கார்த்தி: பாறை பெரியப்பா 😄

நந்தினி: என்னைக் கேட்டால் உயிரைத் தேடச் செவ்வாயைவிட நல்ல இடம் என்செலடஸ். சனியின் நிலா. குறுக்களவு 500 கிலோமீட்டர்தான், மேலே முழுக்கப் பனி ஓடு, அடியில் கடல். தென் துருவத்தில் ஓடு வெடித்து, அந்தக் கடல் தண்ணீர் வானத்தில் பீய்ச்சி அடிக்கிறது. 2005ல் காசினி விண்கலம் பார்த்தது.

பெரியப்பா: சனி பகவானிடம் தண்ணீரா! சரி, அந்தக் குளிரில் உறையாமல் எப்படி?

நந்தினி: ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடாகும் இல்லையா? அந்த நிலா சனியை 33 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. கிட்டே போகும்போது சனி அதிகமாக இழுக்கும், தள்ளிப் போனால் விடும். இப்படிப் பிசைந்து பிசைந்தே உள்ளே சூடு.

கார்த்தி: தண்ணீர் நல்ல தண்ணீரா அக்கா, உப்பா?

நந்தினி: உப்பு. காசினி அந்தப் பீச்சலுக்குள்ளேயே புகுந்து போய்ச் சோதித்தது. உப்பு, கரிமப் பொருள், ஹைட்ரஜன் எல்லாம் இருந்தன. பழைய தரவைக் கிளறி 2023ல் பாஸ்பேட்டும் இருப்பதாகச் சொன்னார்கள். நம் எலும்பிலும் டிஎன்ஏவிலும் இருப்பது. ஆனால் உயிர் கிடைக்கவில்லை, அதைக் கண்டுபிடிக்கும் கருவியும் காசினியில் இல்லை.

கார்த்தி: அப்படியானால் காசினியை அங்கேயே இறக்கியிருக்கலாமே?

நந்தினி: அதைத்தான் செய்யக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். எரிபொருள் தீரப் போகிறது, அப்புறம் கட்டுப்பாடு இல்லாமல் என்றாவது அந்த நிலாவில் போய் விழலாம். பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன கிருமி ஏதாவது கடலில் கலந்துவிட்டால்? 2017 செப்டம்பர் 15ஆம் தேதி சனிக்குள்ளேயே பாய்ச்சி எரித்துவிட்டார்கள். 13 வருஷம் அங்கே சுற்றிய கலம். எனக்கே மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சுமதி அத்தை: நியாயம்தானே? எச்சில் டம்ளரைக் குடத்துக்குள் விடலாமா?

கார்த்தி: அத்தை 🔥🔥

சுமதி அத்தை: நீதான்டா தினமும் விடுகிறாய்.

பெரியப்பா: அதெல்லாம் இருக்கட்டும். இந்த ஆற்றுப் படத்தை 11 குழுவுக்கு அனுப்பிவிட்டேன். எப்படி அழிப்பது?