கம்யூனிட்டி காலேஜ்ல ஃபுல் டைம் வேலை, வழி சொல்லுங்க ப்ளீஸ்

எல்லாருக்கும் வணக்கம். நான் கலிஃபோர்னியால மேத்ஸ்ல மாஸ்டர்ஸ் முடிச்சுட்டு மூணு வருஷமா ரெண்டு கம்யூனிட்டி காலேஜ்ல (ரெண்டு வருஷப் படிப்பு தர்ற அரசு காலேஜ்) பார்ட் டைமா கிளாஸ் எடுக்கறேன். ஒரு டிஸ்ட்ரிக்ட்ல, அதாவது காலேஜ நடத்தற உள்ளூர் நிர்வாகத்துல, ஃபுல் டைம் ஆளு எடுக்கற கிளாஸ் அளவுல 67 சதவீதத்துக்கு மேல பார்ட் டைம் ஆளுக்குத் தரமாட்டாங்க, அதனால காலைல ஒரு காலேஜ், சாயங்காலம் இன்னொண்ணுன்னு கார்லயே பாதி நாள் போயிடுது, அடுத்த செமஸ்டர் கிளாஸ் கிடைக்குமாங்கறதும் கடைசி வரைக்கும் தெரியாது.

ஆனா இந்த வேலைய விட மனசே வரல. பகல் முழுக்க வேலை பாத்துட்டு ராத்திரி கிளாஸுக்கு வர்றவங்க, பிள்ளைங்க பெரிசானப்புறம் மறுபடி படிக்க வந்த அம்மாங்க, இவங்களுக்கு ஸ்டாட்ஸ் (புள்ளியியல்) புரியற அந்த நிமிஷம் இருக்கே, அதுக்காகத்தான் போறேன்.

இப்ப ஒரு டென்யூர் ட்ராக் (சில வருஷம் பாத்துட்டு நிரந்தரமாக்கற) ஃபுல் டைம் வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கு. டீச்சிங் டெமோ பண்ணணும், முன்னாடி உக்காந்திருக்கிற கமிட்டிய ஸ்டூடன்ட்ஸா நெனச்சு நடத்தணுமா, இல்ல ஏன் இப்படி சொல்லித்தரேன்னு நடுநடுவுல விளக்கணுமா? பலதரப்பட்ட ஸ்டூடன்ட்ஸுக்கு எப்படி சொல்லித்தரேன்னு எழுதித்தர்ற டைவர்சிட்டி ஸ்டேட்மென்ட்ல என் கிளாஸ்ல நடந்ததயே எழுதினா போதுமா? 2017ல வந்த ஏபி 705ங்கற கலிஃபோர்னியா சட்டத்துக்கு அப்புறம் ரெமீடியல் கிளாஸ் (காலேஜ் லெவலுக்கு முன்னாடி அடிப்படைய சொல்லித்தர்ற கிளாஸ்) ரொம்பக் குறைஞ்சு, நேரா ஸ்டாட்ஸுக்கு வர்றவங்களுக்கு கூடவே சப்போர்ட் கிளாஸ் நடத்தறோம், அந்த அனுபவத்த எப்படி சொல்றது? கமிட்டில இருந்தவங்க, பார்ட் டைம்லேருந்து ஃபுல் டைம் ஆனவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் விவரமா சொல்லுங்க, இன்னும் பத்து நாள்தான் இருக்கு.