அருமையாகத் தொடங்கிய விசித்திர நாவல் ஏமாற்றிவிட்டது, மிச்சத்தைப் படிக்கலாமா?

கேள்வி:
நிழல்களைச் சலவைக்குப் போடும் ஊர். ஒரு சிறுமியின் நிழல் அங்கே தொலைந்துபோகிறது. இந்த ஒரு வரிக்காகவே அந்த நாவலை ஆசையாக எடுத்தேன். முதல் அத்தியாயம் அருமை. வேறு யாருடைய நிழலையோ அவளுக்கு மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். அவள் உட்கார்ந்தாலும் அது நின்றுகொண்டே இருக்கிறது.

அப்புறம் மாடிப்படி தும்முகிறது, கடிகாரம் குட்டி போடுகிறது, மேகம் வாடகை கேட்டு வருகிறது. நிழலைத் தேடும் கதை எங்கே போனதென்றே தெரியவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பாட்டி இறக்கும் இடத்தில் நிஜமாகவே எனக்குக் கண் கலங்கியது. அடுத்த அத்தியாயத்திலேயே அவர் தேநீர்க் குடுவையாக வந்து உட்கார்ந்து கதை பேசுகிறார்! என் துக்கத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அதற்கு மேல் யாருக்கு என்ன ஆனாலும் மனம் ஒட்டவில்லை. கடைசிப் பகுதி பாக்கி. முடிக்கலாமா?

பதில் 1:
உங்கள் கோபம் நியாயம். காஃப்காவின் 'உருமாற்றம்' குறுநாவலை (1915) எடுத்துக்கொள்ளுங்கள். கிரிகோர் பூச்சியாகிவிடுகிறான், நடக்காத காரியம் அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் எந்த வீட்டிலும் நடப்பது. ஐந்து மணி ரயிலை விட்டுவிட்டோமே என்று தவிக்கிறான், வேலையிடத்திலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டுகிறார். அப்பா எறிந்த ஆப்பிள் முதுகில் புதைந்து கடைசிவரை அங்கேயே கிடக்கிறது. விசித்திரம் ஒன்று போதும், ஆனால் நடந்ததற்கு விளைவு இருக்க வேண்டும்.

பதில் 2:
எனக்கு இது கொஞ்சம் கறாராகப் படுகிறது. லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையில் (1865) மட்டும் கோவையாக என்ன இருக்கிறது? ஒரு காட்சி முடிந்தால் அடுத்தது. இந்த வகை எழுத்தை அந்தந்தப் பக்கத்தில் ரசித்துவிட்டுப் போக வேண்டும்.

கேட்டவர்:
ஆலிஸ் என்றால் எனக்கும் உயிர். ஆனால் அங்கே பெரிய உருவமாக இருந்தபோது அழுத கண்ணீரில், சிறியவளானதும் அவளே நீந்த வேண்டியிருக்கிறது. நடந்தது நடந்ததுதான். எரிச்சல், பிடிவாதம், எதிர்க்கேள்வி என்று எங்கே போனாலும் அவள் ஆலிஸாகவே இருக்கிறாள். இந்தச் சிறுமிக்கு நிழல் போனதில் வருத்தமா நிம்மதியா என்றுகூட இதுவரை தெரியவில்லை.

பதில் 3:
விக்கிரமாதித்தன் கதையிலும் விதி மாறுவதில்லையே? விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடித்துவிடும். பேசினால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். அந்த நிபந்தனை இருக்கும்வரை எத்தனை கதை சொன்னாலும் நாம் எழுந்து போவதில்லை. இந்த நாவலை மூடிவிடுங்கள்.

கேட்டவர்:
சரி, மூடிவிடுகிறேன். இவர் சிறுகதைகள் எழுதியிருந்தால் தேடிப் படிப்பேன். சின்ன வடிவம் இவருக்கு நன்றாகக் கைகூடும் என்று தோன்றுகிறது.