மின்சார கார் ஓட்டும் செலவு: ஈ.பி. ஸ்லாப்பையும் சேர்த்துப் போட்டால் கிலோமீட்டருக்கு எவ்வளவு?

தாம்பரம்வாசி:

வணக்கம். நெக்ஸான் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் வாங்குவதா, அதே நெக்ஸானின் 45 கிலோவாட்-மணி (kWh) பேட்டரி கொண்ட மின்சார மாடலை வாங்குவதா என்று முடிவு செய்ய வேண்டும். மாதம் சுமார் 1,000 கி.மீ. ஓட்டம், பெரும்பாலும் நகருக்குள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருச்சி. தனி வீடு, மூன்று பேஸ் இணைப்பு, இரண்டு மாத பில் 400 யூனிட்டை ஒட்டி வரும்.

ஷோரூமில் கிலோமீட்டருக்கு 40 பைசா என்கிறார்கள். இப்போது வரும் 1,175 ரூபாய் பில்லை 400-ஆல் வகுத்து, யூனிட் 3 ரூபாய் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. 500 யூனிட் தாண்டினால் பில் எகிறும் என்பது தெரியும். அதையும் சேர்த்தால் உண்மையில் எவ்வளவு வரும்? சர்வீஸ், இன்சூரன்ஸ் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீட்டர்பாக்ஸ்:

சராசரி போட்டதுதான் தப்பு. வீட்டின் பழைய 400 யூனிட் எப்படியும் ஓடத்தான் போகிறது. கார் இழுக்கும் யூனிட் அத்தனையும் அதற்கு மேலே, விலை கூடிய ஸ்லாப்களில் (கட்டணப் படிகளில்) போய் உட்காரும். அதனால் கார் வந்தபின் வரும் பில்லில் இருந்து இப்போதைய பில்லைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் யூனிட். நகருக்குள் ஏசியோடு ஓட்டினால் டிஸ்ப்ளே கிலோமீட்டருக்கு 0.125 யூனிட் என்ற அளவில் காட்டும். அது பேட்டரியில் இருந்து செலவானது. வீட்டுக்கு வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தைப் பேட்டரிக்கு வேண்டிய டிசியாக (நேர்திசை) மாற்றும்போது காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜரில் பத்து சதவீதத்துக்கு மேல் சூடாகப் போய்விடும். ஈ.பி. மீட்டரில் ஓடுவதை 0.14 என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 2,000 கி.மீ. என்றால் 280 யூனிட். 400 யூனிட் வீடு 680 ஆகிறது.

2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி:

இப்போது 400 யூனிட்: முதல் 100 இலவசம், அடுத்த 100 ரூ.2.35 வீதம் 235, மீதி 200 ரூ.4.70 வீதம் 940. மொத்தம் ரூ.1,175.

கார் வந்தபின் 680 யூனிட்: முதல் 100 இலவசம், 101–400 ரூ.4.70 வீதம் 1,410, 401–500 ரூ.6.30 வீதம் 630, 501–600 ரூ.8.40 வீதம் 840, கடைசி 80 ரூ.9.45 வீதம் 756. மொத்தம் ரூ.3,636.

வித்தியாசம் ரூ.2,461. 280-ஆல் வகுத்தால் காரின் யூனிட் ரூ.8.79. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 23 பைசா.

இதில் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. 500 தாண்டினால் 500-க்கு மேற்பட்ட யூனிட் மட்டும் விலை கூடுவதில்லை. 101–200 யூனிட்டுக்கு இருந்த ரூ.2.35 சலுகையும் பறிபோய், அந்த நூறும் ரூ.4.70 ஆகிவிடும். 501-வது யூனிட் ஓடியதுமே கூடுதலாக 235 ரூபாய் விழும்.

அடிப்படைப் பயன்பாடு வேறாக இருந்தால் விலையும் மாறும். 250 யூனிட் வீட்டில் இதே காரின் யூனிட் ரூ.6.51, கிலோமீட்டருக்கு 91 பைசா. இரண்டு ஏசி ஓடும் 700 யூனிட் வீட்டில் ரூ.10.13, கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 42 பைசா.

இனி பெட்ரோல். சென்னை நெரிசலில் ஆட்டோமேட்டிக் நெக்ஸான் லிட்டருக்கு 12.5 கி.மீ. கொடுத்தால் நல்லது. லிட்டர் 101 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 8 பைசா. வருடம் 12,000 கி.மீ.க்குப் பெட்ரோல் சுமார் 97,000, மின்சாரம் சுமார் 14,800. எரிபொருளில் மட்டும் 82,000 மிச்சம். ஷோரூம் சொன்ன 40 பைசா வராவிட்டாலும் இந்த வித்தியாசம் பெரியதுதான்.

ஆனால் ஓட்டம் மாதம் 500 கி.மீ. என்று குறைந்தால் மிச்சமும் வருடம் 41,000 ஆகப் பாதியாகிவிடும். 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியபின் இரண்டுக்குமான விலை இடைவெளி முன்பைவிடக் கூடுதல். ஆன்ரோடு வித்தியாசம் 3 லட்சம் என்றால் மாதம் 1,000 ஓடுபவருக்கு மூன்றரை வருடம் சொச்சத்தில் திரும்பும். 500 ஓடுபவருக்கு ஏழு வருடத்துக்கு மேல் ஆகும்.

ஒயர்மேன்_கோவை:

சார்ஜர் பற்றியும் சொல்லிடறேங்க, அதுவும் செலவுதான். 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் (சுவர்ல மாட்டற பெரிய சார்ஜர்) போட்டே ஆகணும்னு நினைக்காதீங்க. உங்க ஓட்டத்துக்கு ஒரு நாளைக்கு 33 கி.மீ., அஞ்சு யூனிட்கூட வராது. 3.3 கிலோவாட் சார்ஜர்ல ஒன்றரை மணி நேரம் போதும். 7.2 ஒரே பேஸ்ல 31 ஆம்பியர் இழுக்கும். சேங்ஷன் லோடு (உங்க இணைப்புக்கு மின்வாரியம் அனுமதிச்ச அளவு) பத்தலைன்னா அதைக் கூட்டச் சொல்லி மின்வாரியத்துல விண்ணப்பிக்கணும், அதுக்குத் தனியா பணம் கட்டணும்.

3.3-ம் சாதாரணமில்லைங்க. 14 ஆம்பியருக்கு மேல, நிறுத்தாம மணிக்கணக்குல இழுக்கும். கீசர் மாதிரி பத்து நிமிஷத்துல கட் ஆகாது. பழைய 15 ஆம்பியர் பிளக் பாயின்ட்ல பின் பிடிப்பு தளர்ந்திருந்தா அந்த இடம் சூடாகி சாக்கெட் உருகிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

செய்ய வேண்டியது: டிபி பாக்ஸ்ல (வீட்டு ஒயர்களைப் பிரிச்சு விடற பெட்டி) இருந்து தனியா 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு கூடினா கட் ஆகற ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா கட் ஆகற ஸ்விட்ச்), முனையில நீல நிற 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். ஆர்.சி.சி.பி. 'ஏ' டைப் கேட்டு வாங்குங்க. கடையில சாதாரணமா எடுத்துக் கொடுக்கறது 'ஏசி' டைப். சார்ஜர்ல இருந்து கசியற துடிப்பு டிசியை அது சரியா உணராது, ட்ரிப் ஆக வேண்டிய நேரத்துல சும்மா இருந்துடும். பின்னாடி 7.2-க்குப் போற எண்ணம் இருந்தா இப்பவே 6 ஸ்கொயர் எம்.எம். இழுத்துடுங்க. அப்புறம் ஒயரை மாத்த வேண்டாம், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. ரெண்டையும் அந்த லோடுக்கு ஏத்த மாதிரி மாத்தி, 16 ஆம்பியர் சாக்கெட் இடத்துல வால்பாக்ஸ் வெச்சுக்கலாம்.

"புது கார் சார்ஜ் ஏறலை"ன்னு வர்ற புகார்ல நிறைய எர்த் கோளாறுதான். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க. 3 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல காட்டினா சார்ஜர் சிவப்பு விளக்கு போட்டு நின்னுடலாம். எர்த் குழி காஞ்சு போயிருக்கும், இல்லைன்னா கிளாம்ப் துருப்பிடிச்சிருக்கும். எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிட்டு சார்ஜரை ஏமாத்தறவங்க இருக்காங்க. நியூட்ரல் எங்கயாவது அறுந்தா கார் பாடியிலயே 230 வோல்ட் நிக்கும். உயிர் போற வேலைங்க அது, யார் சொன்னாலும் செய்ய விடாதீங்க.

நாற்கரச்சாலை:

மேலே உள்ள கணக்கு வீட்டில் சார்ஜ் போடுபவருக்கு. திருச்சிப் பயணத்துக்கு வேறு கணக்கு. 100 கி.மீ. வேகத்தில் போனால் கிலோமீட்டருக்கு 0.17 யூனிட் போகும். நூறு சதவீதத்தோடு கிளம்பினாலும் வழியில் ஒருமுறை நிறுத்த வேண்டும். பொது டிசி சார்ஜரில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு யூனிட் 24 ரூபாய் வந்தால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 8 பைசா. பெட்ரோல் வண்டி நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 17 கொடுக்கும், 5 ரூபாய் 94 பைசா. அதாவது நகரில் ஏழு ரூபாய் அளவில் இருந்த வித்தியாசம் இங்கே இரண்டு ரூபாய்க்கும் கீழே வந்துவிடுகிறது. 80-ல் போனால் 0.14 யூனிட்டில் முடியும், செலவைக் குறைக்க அதைவிட எளிய வழி இல்லை. 80 சதவீதத்துக்கு மேல் டிசி வேகம் படுத்துவிடும், அங்கேயே காத்திருக்காமல் பிடுங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

வீட்டில் சார்ஜ் போட வழியில்லாத, முழுக்கப் பொது சார்ஜரையே நம்பும் ஆளுக்கு நான் மின்சார கார் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இன்சூரன்ஸில் ஷோரூம்காரர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. மின்சார காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் 15 சதவீதத் தள்ளுபடி என்பார்கள். உண்மைதான். ஆனால் பெட்ரோலுக்கு சி.சி.யை வைத்தும், மின்சாரத்துக்கு மோட்டாரின் கிலோவாட்டை வைத்தும் வகுப்பு பிரிக்கிறார்கள். 2022 ஜூன் முதல் உள்ள விகிதப்படி 1,199 சி.சி. நெக்ஸானுக்கு ஆண்டுக்கு ரூ.3,416. மின்சார நெக்ஸானின் மோட்டார் 65 கிலோவாட்டுக்கு மேல், அதனால் உச்ச வகுப்பு, ரூ.6,712. தள்ளுபடி போக இரு மடங்கு. டியாகோ மின்சார காருக்கு மோட்டார் சிறியது, 30–65 வகுப்பில் ரூ.2,904, பெட்ரோல் டியாகோவைவிடக் குறைவு. வண்டி விலை கூடுதல் என்பதால் சொந்தச் சேதப் பிரீமியமும் கூடும். பேட்டரிக்குள் தண்ணீர் போனால் ஈடு கிடைக்குமா என்பதைப் பாலிசியில் எழுத்தில் பாருங்கள். சென்னை மழைக்கு அந்த ஆட்-ஆன் அவசியம்.

சர்வீஸில் இன்ஜின் ஆயில், ஆயில் பில்டர், ஸ்பார்க் பிளக் எதுவும் இல்லை. ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்கு மின்சாரம் திருப்புவது) இருப்பதால் பிரேக் பேடும் நெடுநாள் வரும். அதற்குப் பதில் டயர் சீக்கிரம் தேயும், பெட்ரோல் மாடலைவிட வண்டி சுமார் 200 கிலோ கூடுதல் கனம், நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசை முன்சக்கரங்களில் இறங்குகிறது. 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை முன்பின் மாற்றிப் போடுங்கள். 12 வோல்ட் சிறு பேட்டரி இதிலும் உண்டு. அது செத்தால் பெரிய பேட்டரியில் 90 சதவீதம் இருந்தாலும் வண்டி எழாது. மூன்று வருடம் ஆனதும் சோதித்துவிடுங்கள்.

தாம்பரம்வாசி:

மிகவும் நன்றி. 3.3 சார்ஜரே போதும் என்பது பெரிய நிம்மதி. மொட்டை மாடி காலியாக இருக்கிறது. சோலார் போட்டால் இந்த ஸ்லாப் பிரச்சினை தீருமா? பகலில் கார் வீட்டில் இருக்காது.

மீட்டர்பாக்ஸ்:

பகலில் கார் இல்லாதது தடை இல்லை. நெட் மீட்டரில் பகலில் வெளியே போன யூனிட்டை இரவில் இழுத்ததோடு கழித்துவிடுவார்கள். 3 கிலோவாட் பேனல் நாளுக்கு சுமார் 12 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 720. உங்கள் 680 அதற்குள் அடங்கும். பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் ரூ.78,000. நவம்பர், டிசம்பரில் மேகமூட்டத்தால் உற்பத்தி விழும், அந்த பில்லை வைத்து ஏமாற வேண்டாம்.

காருக்கு முன்பே சோலார் போட்டால் விற்பனையாளர் உங்கள் 400 யூனிட்டைப் பார்த்து 2 கிலோவாட் போதும் என்பார். 680-ஐச் சொல்லி 3 கேளுங்கள். பின்னால் ஒரு கிலோவாட் கூட்டுவதற்கு இன்வர்ட்டரையே மாற்ற வேண்டி வரலாம்.