தியோமானின் ஜுவாராவுக்கு அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்வது எப்படி?

தெம்பனிஸ் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் தியோமான் தீவில், கிழக்குக் கரையில் இருக்கும் ஜுவாரா என்ற கிராமத்தில், வரும் டிசம்பர் பள்ளி விடுமுறையின்போது நான்கு நாள் தங்கிவர எண்ணியிருக்கிறோம். நானும் மனைவியும், எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகளும், அப்போது கும்பகோணத்திலிருந்து எங்களைப் பார்க்க வரவிருக்கும் என் அம்மாவுமாக ஐந்து பேர். எங்கள் நால்வரிடமும் சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருக்கிறது. அம்மாவிடம் இந்தியக் கடப்பிதழ். அவருக்கு முழங்கால் வலி உண்டு. படியேறுவார், ஆனால் மெதுவாகத்தான்.

அலுவலகத்தில் ஒருவர், அந்த ஊருக்கு நேரே படகு கிடையாது, தீவின் மறுபக்கத்தில் இறங்கி மலையைத் தாண்ட வேண்டும் என்றார். அதைக் கேட்டதிலிருந்து மனைவி, பேசாமல் சிங்கப்பூரிலேயே இருக்கும் செந்தோசாவுக்குப் போகலாம் என்கிறார். சொந்தக் காரில் மலேசியக் கரையிலுள்ள மெர்சிங் வரை போய், அங்கிருந்து படகேறுவதாகத் திட்டம். போய்வந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மெர்சிங் வழிப்போக்கர் எழுதியது:

ஐயா, வழியைச் சொல்வதற்கு முன் மாதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் போகாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் கும்பகோணத்தில் அடைமழையாகப் பெய்யும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தென்சீனக் கடலையும் கொந்தளிக்க வைக்கிறது. அந்த மாதங்களில் மெர்சிங்கிலிருந்து புறப்படும் படகுகள் வெகுவாகக் குறைந்துவிடும். கடல் மோசமாக இருக்கும் நாளில் புறப்படவே மாட்டா. தீவில் பல விடுதிகள் கதவடைத்துவிடும். தியோமானின் மேற்குக் கரைக்காவது நடுவிலுள்ள மலை ஓரளவு மறைப்பாக நிற்கிறது. ஜுவாராவுக்கு அந்த மறைப்பும் இல்லை. திறந்த கடலைப் பார்த்து நிற்கும் ஊர் என்பதால் அலைச்சறுக்கு விளையாடுவோர் மட்டும் அந்தக் காலத்தில் அங்கே தேடிப் போகிறார்கள். நம் பள்ளிகளின் மிக நீண்ட விடுமுறை சரியாக அந்தக் காலத்திலேயே வந்து விழுகிறது என்பது நம் தலையெழுத்து. ஜூன் விடுமுறைதான் உங்களுக்குத் தோதானது.

இனி வழி. உங்கள் அலுவலக நண்பர் சொன்னது சரிதான். மெர்சிங் படகு தீவின் மேற்குக் கரையை ஒட்டியே வடக்கு நோக்கிப் போகும். கெந்திங், பாயா, தெக்கெக், ஆயர் பாத்தாங், சாலாங் என்று வரிசையாக நிற்கும். நீங்கள் இறங்க வேண்டிய இடம் தெக்கெக். முதலில் வரும் கெந்திங்கில் எல்லாரும் எழுந்திருக்கிறார்களே என்று அவசரப்பட்டு இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த படகு வரும் வரை அவர்கள் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. கடற்பயணத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தெக்கெக்கிலிருந்து ஜுவாராவுக்கு மலையைக் கடக்கும் சாலை இருக்கிறது. சாதாரண வண்டிகளுக்கு அது சரிப்படாத செங்குத்து. ஃபோர்வீல் டிரைவ் வண்டிகள்தான் ஓடுகின்றன. சுமார் அரை மணி நேரத்தில் மறுபக்கம் இறங்கிவிடலாம். விடுதியில் முன்பதிவு செய்யும்போதே படகின் நேரத்தைச் சொல்லி வண்டி கேட்டுவிடுங்கள். அப்படியே, அம்மாவுக்கு ஓட்டுநர் பக்கத்து இருக்கையையும் கேட்டு வையுங்கள். பின்புறம் எதிரெதிராகப் போட்ட பலகையில் உட்கார்ந்தால், ஏற்றத்தில் எல்லாரும் பின்கதவுப் பக்கமாகச் சரிவோம். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், முழங்கால் வலிக்காரருக்கு அது தண்டனை. அதே மலையைக் காட்டுப் பாதையில் நடந்தும் கடக்கலாம், இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். உங்கள் குடும்பத்துக்கு அந்த யோசனை வேண்டாம்.

ரொக்கப் பணத்தை மெர்சிங்கிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா சைவம் என்றால், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயும் பருப்புப்பொடியும் பெட்டியில் இருக்கட்டும்.

உட்லண்ட்ஸ் பெரியவர் எழுதியது:

முன்னவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மெர்சிங் படகுத்துறை ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் அங்கே படகு ஓட்டப் போதிய ஆழம் இருக்காது. ஆகையால் படகின் நேரம் நாளுக்கு நாள் மாறும். இன்று காலை எட்டு மணிக்குப் போன படகு அடுத்த வாரம் நண்பகலில் போகலாம். ஓதத்தைப் பார்த்துத்தான் அட்டவணை போடுகிறார்கள். எனவே விடுப்புக்கு எழுதிக் கொடுக்கும் முன்பே, போகிற நாளுக்கும் திரும்புகிற நாளுக்கும் உரிய படகு நேரங்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வீட்டிலிருந்து புறப்படும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்குப் புறப்பட்டோம். சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தையும் இணைக்கும் கடற்பாலத்திலேயே மூன்று மணி நேரம் போய்விட்டது. நாங்கள் படகுத்துறையில் காரை நிறுத்திவிட்டு ஓடியபோது படகு ஆற்றைத் தாண்டிக்கொண்டிருந்தது. அடுத்தது மறுநாள்தான் என்றார்கள். வற்றிய ஆற்றில் சேற்றின் மேல் சாய்ந்து கிடந்த மீன்பிடிப் படகுகளைப் பார்த்துக்கொண்டு மெர்சிங்கிலேயே ஓர் இரவு தங்கினோம். தீவில் ஓர் இரவுக்கான வாடகை வீண். படகுக்காரர்களைக் குறை சொல்ல முடியாது, கடல் அவர்களுக்காகவும் காத்திருக்காது.

2025 ஜனவரி முதல் ஜோகூரிலும் வார இறுதி விடுமுறை சனி, ஞாயிறு ஆகிவிட்டதால் வெள்ளி மாலையில் இரு பக்கத்துக் கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது. முடிந்தால் திங்கள் அல்லது செவ்வாய் விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் சோதனைச்சாவடியைக் கடந்துவிடுங்கள். ஜோகூர் பாருவிலிருந்து மெர்சிங் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கோத்தா திங்கியைத் தாண்டிய பிறகு பெரும்பகுதி இருபுறமும் எண்ணெய்ப்பனை நிற்கும், திசைக்கு ஒரு தடம் மட்டுமே உள்ள சாலைதான். யானை கடக்கும் இடம் என்ற அறிவிப்புப் பலகைகளை அலங்காரமென்று நினைத்துவிடாதீர்கள், அங்கே யானைகள் உண்மையிலேயே சாலைக்கு வருகின்றன. இருட்டில் முந்திச் செல்ல வேண்டாம்.

தெம்பனிஸ் வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவின் விமானச்சீட்டை இன்னும் எடுக்கவில்லை என்பதால், பயணத்தையே ஜூனுக்கு மாற்றிவிடலாம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். காருக்கும் அம்மாவின் கடப்பிதழுக்கும் என்னென்ன தேவை என்று யாராவது விளக்க முடியுமா?

ஜூரோங் அக்கா எழுதியது:

தம்பி, கார் விஷயம் எளிது. மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியைப் பதிவு செய்து, அதற்குரிய வில்லையைக் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர் வண்டிகளுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். சுங்கச் சாவடிக்கு டச் அண்ட் கோ அட்டை வேண்டும். நம் பக்கத்தில் பெட்ரோல் தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கவனிக்க வேண்டியது அம்மாவின் விசாவைத்தான். சிங்கப்பூர் விசா ஒரே முறை நுழைவதற்கானதா, பலமுறை நுழைவதற்கானதா என்று அதை அச்சிட்ட தாளில் பார்த்துவிடுங்கள். ஒரே முறை என்றால், ஜோகூருக்குள் போனவர் மறுபடி உங்கள் வீட்டுக்கு வர முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பாட்டியை வரிசையிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டு உட்லண்ட்ஸிலிருந்தே வீடு திரும்பியது. அடுத்து, மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை அவருக்காக நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களான உங்களுக்கு அது தேவையில்லை. திரும்பி வரும்போது சிங்கப்பூர் வருகை அட்டையும் அவருக்கு வேண்டும். தரைவழியாக வரும் குடிமக்களுக்கு அதிலிருந்தும் விலக்கு உண்டு என்பதால், நம்மில் பலருக்கு அப்படியொன்று இருப்பதே நினைவுக்கு வருவதில்லை. தீவில் இணையத்தை நம்பியிருக்காமல், மெர்சிங்குக்குத் திரும்பியவுடன் காரில் உட்கார்ந்தே நிரப்பிவிடுங்கள்.

தெம்பனிஸ் வாசி எழுதியது:

அக்கா, நல்ல வேளையாகக் கேட்டேன். அம்மாவின் பழைய விசாத் தாளை எடுத்துப் பார்த்தேன். பலமுறை நுழைவதற்கானதுதான், ஆனால் மே மாதத்தோடு முடிகிறது. திருச்சியிலிருந்து சீட்டு எடுக்கும் முன் புதிதாக விண்ணப்பிக்கிறேன். படகு நேரத்துக்கு இன்று மெர்சிங்குக்குத் தொலைபேசியில் பேசினேன். ஜூன் அட்டவணை இன்னும் வரவில்லை, அது வந்த பிறகு விடுப்புக்கு எழுதுங்கள் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.